இல்லாத எழுத்து

1947ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு ஒரு தாயைப் பற்றிச் சான்றிதழ் ஒன்று எழுதிக் கொடுத்தது. அவள் இறந்துவிட்டாள் என்று அது சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்றும் சொல்லவில்லை. அதன் தலைப்பில் இருந்த சொல் ‘டிஸ்பரீசியோன்’. காணாமற்போதல் என்று பொருள். அப்போது அவளுடைய மகனுக்குப் பதினொரு வயது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1969இல், அந்த மகன் ஒரு நாவல் வெளியிட்டார். ஏறத்தாழ முன்னூறு பக்கம். அரசுத் தாளில் இருந்த அதே சொல்லை நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். அந்த முன்னூறு பக்கத்திலும் உரோமன் நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்தாகிய ‘ஈ’ ஓரிடத்தில்கூட இல்லை. அட்டையில் அச்சாகியிருந்த ஆசிரியர் பெயரில் மட்டும் அது நான்கு முறை வருகிறது.

அவர் பெயர் ஜார்ஜ் பெரெக். உலக இலக்கியம் பேசுகிறவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், ‘ஈ இல்லாமல் நாவல் எழுதினாரே, அவரா?’ என்று கேட்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கயிற்றின்மேல் நடப்பவனைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோமே, அப்படி அவரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டேன். அந்தச் சான்றிதழைப் பற்றி அறிந்தபோது வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதவைப்பது அந்த வெட்கம்தான்.

பெரெக் 1936 மார்ச் 7 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை இசெக் பெரெட்ஸ், தாய் சிர்லா. இருவரும் போலந்திலிருந்து வந்த யூதர்கள். பெல்வில் பகுதியில் விலான் தெரு என்ற ஏழைத் தெருவில் 24ஆம் எண் வீட்டில் குடியிருந்தார்கள். அங்கே தாய் பெண்களுக்கு முடிதிருத்தும் சிறு கடை வைத்திருந்தார். போர் மூண்டதும் தந்தை பிரான்சுக்காகப் படையில் சேர்ந்தார். 1940 ஜூன் 16 அன்று காயத்தோடு இறந்தார். மறுநாள் பிரான்ஸ் சண்டையை நிறுத்தக் கோரியது. ஒரு நாள் பொறுத்திருந்தால் மகனுக்குத் தகப்பன் மிஞ்சியிருப்பார் என்ற கணக்கை வாசகராகிய நாமே போட்டுப் பார்த்துவிடுகிறோம். அந்தக் கணக்கோடு ஒரு பிள்ளை வளர்ந்தது.

1941இல் தாய் மகனைப் பாரிஸின் லியோன் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். போரில் தந்தையை இழந்த பிள்ளைகளைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் பத்திரமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நடைமேடையில் அவனுக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். அட்டையில் சாப்ளின் பாரசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். பெரெக்கின் நினைவில் தாயைக் கடைசியாகப் பார்த்த காட்சி அது. அந்தக் காட்சியில் அவனுடைய கை தூளிக்கட்டில் இருந்தது. அடிபட்டிருந்ததாக அவருக்கு அவ்வளவு திடமாக நினைவு. பின்னாளில் உறவினரை விசாரித்தார். கையில் அடியும் இல்லை, கட்டும் இல்லை என்றார்கள். எங்காவது தன்னை எதுவாவது தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையின் மனம் அந்தக் கட்டைத் தானே கட்டிக்கொண்டதோ என்னவோ. பெரெக் இந்தப் பொய்நினைவை அழிக்கவும் இல்லை, அழகாக்கவும் இல்லை. நினைவு இது, உண்மை இது என்று இரண்டையும் அருகருகே எழுதிவைத்தார்.

தாய் பாரிஸிலேயே தங்கினார். 1943 ஜனவரியில் பிடிபட்டு, நகரை ஒட்டியிருந்த திரான்சி முகாமில் அடைக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று அங்கிருந்து புறப்பட்ட ரயிலில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். ஆஷ்விட்ஸ் போலந்தில் இருக்கிறது. பிழைப்புத் தேடி விட்டுவந்த பிறந்த நாட்டுக்கு அவர் அப்படித் திரும்பினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை.

சாட்சி இல்லாத சாவை அரசு அலுவலகம் எப்படிப் பதிவு செய்யும்? முதலில் 1947இல் காணாமற்போனதாக ஒரு தாள். பிறகு 1958இல் இன்னொரு ஆணை. அதன்படி சிர்லா 1943 பிப்ரவரி 11 அன்று, திரான்சியில், பிரான்சில் இறந்தார். ரயில் கிளம்பிய நாளை இறந்த நாளாகவும், ஏற்றிய இடத்தை இறந்த இடமாகவும் எழுதிவிட்டார்கள். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவராக இருந்திருந்தால் ‘பிரான்சுக்காக இறந்தவர்’ என்ற குறிப்புக்கு உரியவராகியிருப்பார் என்று அடுத்த ஆண்டு மற்றோர் ஆணை விளக்கியது. பெரெக் இந்தத் தகவல்களைத் தன் புத்தகத்தில் தந்திருக்கிறார். கூடவே கோபமாக ஒரு சொல்லும் இல்லை. தாளில் இருந்ததைப் பார்த்து எழுதியதுபோல் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்த நாவலுக்கு வருவோம். பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்து ‘ஈ’. அதை எடுத்துவிட்டால் ‘நான்’ என்ற சொல் போய்விடும். ‘அவள்’ போய்விடும். ‘இருத்தல்’ போய்விடும். தந்தை, தாய், பெற்றோர், குடும்பம் ஆகிய நான்கு சொற்களையும் எழுத முடியாது. ‘பெரெக்’ என்ற பெயரில் உள்ள உயிரெழுத்து அது ஒன்றுதான். ஆக, எழுதுகிறவர் தன் பெயரையும் எழுத முடியாது. கதை, தூக்கம் வராத ஒருவன் காணாமற்போவதில் தொடங்குகிறது. நண்பர்கள் அவனைத் தேடுகிறார்கள். காணாமற்போனது எது என்ற இடத்தை நெருங்குகிறவர் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பெயர் சொன்னால் சாவு. நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகளைப்போல் நாவலுக்கு இருபத்தாறு இயல்கள். நான்காவது இயலுக்குப் பின் ஆறாவது வருகிறது. ஐந்தாவது இல்லை. இவ்வளவு வெளிப்படையாக வைத்தும், புத்தகம் வந்தபோது மதிப்புரை எழுதிய ஒருவர் எழுத்து குறைவதைக் கவனிக்கவே இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தெருவிலிருந்து மனிதர்கள் குறைந்துபோனபோதும் பலர் கவனிக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த விதி அந்நியமானது அல்ல. நம் முன்னோர் இதைச் சித்திரகவி என்றும் மிறைக்கவி என்றும் சொல்லி, வகை பிரித்து, செய்தும் காட்டினார்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மேல் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டாத, குவியாத செய்யுள். ப, ம, வ என்ற மெய்களின் வரிசை கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்ற உயிர்கள் தனித்தும் கூடாது, மெய்யேறியும் கூடாது. முருகனைப் பாட உட்கார்ந்தவர் முருகன் என்றோ வேலன் என்றோ குமரன் என்றோ சொல்ல வழியில்லை. அந்தப் பெயர்கள் இல்லாமலே அவனை வரவழைத்தார்.

நிரோட்டகத்தின் விதியை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்குப் பெரெக்கின் நாவல் உண்மையில் விளங்கியது. அந்த விதிக்குள் ‘அம்மா’ என்று எழுத முடியாது. ‘அப்பா’ என்றும் முடியாது. இரண்டு சொல்லுக்கும் உதடு ஒட்ட வேண்டும். பேசக் கற்கும் குழந்தை முதலில் உதட்டை ஒட்டித்தான் சொல் பழகுகிறது. முன்னூறு பக்கம் அந்த இரு சொல்லும் வராமல், கதையும் நிற்காமல், ஒரு தமிழ் நாவலை எண்ணிப் பாருங்கள். சிவப்பிரகாசருக்கு, பெயர் சொல்லாவிட்டாலும் எதிரே நிற்கிறவன் ஒருவன் இருந்தான். பெரெக்குக்கு எதிரே யாரும் இல்லை. இல்லாதவர்களுக்கு அவர் கட்டிக் கொடுத்த வீடு அந்த விதி. ஒவ்வொரு வரியிலும் அவர்களுக்கான இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது.

தமிழில் ‘சோதனை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். செய்து பார்ப்பதும் சோதனை. வந்து சேரும் துன்பமும் சோதனை. ‘என்னடா இது சோதனை’ என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அது ஆய்வுக்கூடத்தைப் பற்றியது அல்ல. நம் விமர்சகர்கள் ‘சோதனை முயற்சி’ என்று ஒரு நாவலை ஒதுக்கிவைக்கும்போது முதல் பொருளை மட்டுமே எண்ணுகிறார்கள். பெரெக்கின் எழுத்தில் இரண்டாம் பொருள்தான் முதலில் வந்தது. செய்து பார்த்தல் அதன் பின்னால் வந்தது.

எல்லாச் சோதனைக்கும் இந்தக் கனம் உண்டு என்று நான் சொல்லவில்லை. பெரெக்கிடமே இல்லாத இடங்கள் உண்டு. 1960இல் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் தொடங்கிய ஊலிப்போ என்ற குழுவில் அவர் 1967இல் சேர்ந்தார். எழுத்தாளர்களும் கணித அறிஞர்களும் கூடி, மொழிக்குப் புதுப்புது விதிகளைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அந்த உற்சாகத்தில் ஐயாயிரம் எழுத்துக்கு மேல் நீளும் ஒரு மாலைமாற்று எழுதினார். 1972இல், விலக்கிவைத்த ‘ஈ’யை மட்டுமே உயிரெழுத்தாக வைத்துக் குறுநாவல் ஒன்றும் எழுதினார். இவை திறமையின் சான்றுகள். இன்னொரு முறை எடுத்துப் படிக்க எனக்குத் தோன்றியதில்லை. விதி எதிலிருந்து பிறந்தது என்பதுதான் என் அளவுகோல். மாலைமாற்றை எழுதியவருக்கு அந்த விதி ஒரு அறைகூவல். காணாமற்போதலை எழுதியவருக்கு வேறு வழி இல்லை.

அந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கிறேன். ‘காணாமற்போதல்’ என்பது நேரான பெயர். ஆனால் தமிழில் இந்தச் சொல்லுக்கு நம் காலத்தில் ஒரு வரலாறு சேர்ந்துவிட்டது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் ‘காணாமற்போனோர்’ என்ற சொல்லை ஏற்பதில்லை. தாமாக எங்கும் போய்விடவில்லை, ஆக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகக் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். 2016இல் அங்கே ஒரு சட்டத்திருத்தம் வந்து, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனதற்கான சான்றிதழ் வழங்க வழி செய்தது. 2017இன் தொடக்கத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் படங்களை ஏந்திச் சாலையோரம் உட்கார்ந்தார்கள். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக அவர்கள் கேட்கவில்லை. என் பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். சிர்லாவின் மகனுக்குக் கிடைத்த தாளும் செய்தவனைப் பற்றி வாய் திறக்காத தாள்தான். பெரெக்கை மொழிபெயர்க்கப்போகும் தமிழர் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் நின்று தயங்க வேண்டியிருக்கும். அந்தத் தயக்கம் நியாயமானது.

1975இல் வந்த ‘டபிள்யூ அல்லது குழந்தைப் பருவ நினைவு’ என்ற நூலில்தான் பெரெக் தன் பெற்றோரைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அங்கேயும் நேராக எழுத முடியவில்லை. இரண்டு கதைகள் இயல் மாற்றி இயலாக ஓடுகின்றன. ஒன்று, தன்னிடம் குழந்தைப் பருவ நினைவே இல்லை என்று தொடங்கும் தன்வரலாறு. மற்றது, அவர் பதின்மூன்று வயதில் கற்பனை செய்து வைத்திருந்த ஒரு தீவின் கதை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள அந்தத் தீவில் எல்லாரும் விளையாட்டு வீரர்கள். ஒலிம்பிக் இலட்சியம்தான் நாட்டின் சட்டம். படிக்கத் தொடங்கும்போது ஒழுங்கும் உடல்வலிமையுமாக இருக்கிறது. பிறகு தோற்றவனுக்கு உணவில்லை என்று தெரிகிறது. விதிகள் முன்னறிவிப்பில்லாமல் மாறுகின்றன. பெண்கள் வேட்டையாடப்படுகிறார்கள். கடைசியில் நாம் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வதைமுகாம் என்பதை உணர்கிறோம். இரண்டு கதைகளையும் அவர் எங்கும் இணைத்துச் சொல்லவில்லை. நடுவில் ஒரு பக்கம் வருகிறது. அதில் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. அதற்கு முன்னால் லியோன் ரயில் நிலையம். அதற்குப் பின்னால் மலையடிவாரத்தில் தாயில்லாப் பிள்ளை. சொல்ல வேண்டியது அத்தனையும் அந்த மூன்று புள்ளிக்குள் இருக்கிறது.

நூலின் காணிக்கை ‘ஈ’ என்ற எழுத்துக்கு. நாம் ஆங்கில வழியில் ஈ என்று சொல்லும் எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியாகச் சொல்கிறார்கள். ‘அவர்கள்’ என்று பொருள்படும் சொல்லுக்கும் அவர்கள் வாயில் ஏறத்தாழ அதே ஒலி. ஆறு ஆண்டுகளுக்கு முன் முன்னூறு பக்கத்தில் விலக்கிவைத்தது யாரை என்று அப்போது தெரிந்தது.

புகழ் வந்த பிறகும் பெரெக் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 1961 முதல் 1978 வரை பாரிஸின் சேன் அந்துவான் மருத்துவமனையில் நரம்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆவணக் காப்பாளர். கட்டுரைகளைப் படித்து, அட்டைகளில் குறித்து, தேடுகிறவர் கைக்கு எட்டும்படி அடுக்கிவைப்பது வேலை. முதல் நாவலான ‘பொருள்கள்’ 1965இல் ரெனோடோ பரிசு பெற்றது. அதற்குப் பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய எழுத்தில் பட்டியல்கள் ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு இந்த வேலையைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். அது பாதி உண்மை. ஒரு வீட்டிலிருந்த பொருள், ஆள், ஒலி, வாசனை எதுவும் மிஞ்சாமல் போன பிள்ளைக்கு, மேசைமேல் கிடப்பதை ஒன்றுவிடாமல் எழுதிவைப்பது அட்டை அடுக்கும் பழக்கம் மட்டுமாக இருக்க முடியாது. 1974 அக்டோபரில் மூன்று நாட்கள் சேன் சுல்பீஸ் சதுக்கத்தின் காப்பிக்கடைகளில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். எந்த எண் பேருந்து போனது, யார் கையில் என்ன பை, புறாக்கள் எப்போது எழும்பின. தேவாலயத்தின் சிறப்பைப் பற்றி எழுதவில்லை. அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

1978இல் அவருடைய பெரிய நாவல் ‘வாழ்க்கை: ஒரு பயன்பாட்டுக் கையேடு’ வந்து மெடிசி பரிசு பெற்றது. அதன் பிறகுதான் வேலையை விட்டார். பாரிஸில் ஒரு கற்பனைத் தெருவில் 11ஆம் எண் அடுக்குமாடி வீடு. முகப்புச் சுவரைக் கழற்றிவிட்டதுபோல் அறைகள் அத்தனையும் நமக்குத் தெரிகின்றன. வீட்டைப் பத்துக்குப் பத்துக் கட்டமாக்கி, சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தில் ஒருமுறை மட்டும் காலூன்றி எல்லாக் கட்டத்தையும் சுற்றிவரும் வழியில் அறை அறையாகக் கதை போகிறது. குதிரையின் இந்த நடையில் வேதாந்த தேசிகர் தம் ‘பாதுகா சகஸ்ர’த்தில் வடமொழிச் சுலோகம் அமைத்திருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

எந்த அறையில் எந்தப் பொருள், எந்த நிறம், எந்த மேற்கோள் வர வேண்டும் என்பதற்குப் பெரெக் பயன்படுத்தியது பத்தாம் வரிசை இரட்டைச் சதுரம் என்ற கணித அமைப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் மாமேதை ஆய்லர், அந்த வகை அளவில் அப்படியொரு சதுரம் அமையாது என்று கருதியிருந்தார். 1959இல் அது அமையும் என்று காட்டியவர்கள் மூவர். அவர்களில் இருவர், ராஜ் சந்திர போஸும் ஷரத்சந்திர ஸ்ரீகண்டேயும், இந்தியாவில் பிறந்த கணித அறிஞர்கள். முடியாது என்று நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் நம்பப்பட்ட ஒரு சதுரத்துக்குள் பெரெக் ஒரு வீட்டைக் குடிவைத்தார்.

அந்த வீட்டில் பார்ட்ல்பூத் என்ற செல்வந்தர் இருக்கிறார். பத்தாண்டுகள் நீர்வண்ண ஓவியம் கற்கிறார். இருபதாண்டுகள் உலகம் சுற்றி ஐந்நூறு துறைமுகங்களை வரைகிறார். ஒவ்வொன்றையும் காஸ்பர் வின்க்ளர் என்ற கைவினைஞர் எழுநூற்றைம்பது துண்டுகளாக அறுத்துப் புதிராக்குகிறார். அடுத்த இருபதாண்டுகள் அவற்றை ஒட்டிச் சேர்க்க வேண்டும். சேர்ந்த படத்தை வரைந்த துறைமுகத்துக்கே கொண்டுபோய், வண்ணம் கரையும்வரை மருந்துநீரில் முக்கி, வெற்றுத் தாளாக எடுத்துவர வேண்டும். ஒரு வாழ்நாள் உழைப்பு, தடயமின்றிப் போக வேண்டும் என்பது திட்டம். 1975 ஜூன் 23 மாலை எட்டு மணியளவில் அவர் 439ஆவது புதிரின் முன்னால் செத்துக்கிடக்கிறார். மிச்சமிருக்கும் ஓட்டை எக்ஸ் வடிவம். கையில் இருக்கும் துண்டு டபிள்யூ. வின்க்ளர் என்ற பெயரும், டபிள்யூ என்ற எழுத்தும் ‘டபிள்யூ’ நூலிலும் வருபவை.

கட்டங்கள் நூறு. இயல்கள் தொண்ணூற்றொன்பது. நிலவறையின் மூலையில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார். பிஸ்கட்டின் ஒரு முனையைக் கடிக்கும் சிறுமியைக் காரணமாகக் காட்டுகிறார். இவ்வளவு கச்சிதமாக ஒரு வீட்டைக் கட்டியவரால் எல்லா அறையையும் நிரப்ப முடியவில்லை, அல்லது நிரப்ப மனம் வரவில்லை. நூற்றுக்கணக்கான கதைகள் உள்ள இந்தப் புத்தகத்தை வேடிக்கையாகவும் படிக்கலாம். அப்படிப் படிக்கவும் அவர் இடம் வைத்திருக்கிறார். என்னால் அந்த மூலையைத் தாண்டிப் போக முடிவதில்லை.

வேலையை விட்டு முழுநேர எழுத்தாளராக அவருக்குக் கிடைத்தவை நான்கு ஆண்டுகள்கூட இல்லை. 1982 மார்ச் 3 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். நாற்பத்தாறு வயது முடிய நான்கு நாள் இருந்தது. மேசைமேல் ஒரு துப்பறியும் நாவல் பாதியில் கிடந்தது. திட்டமிட்ட இருபத்தெட்டு இயல்களில் பதினொன்றை முடித்திருந்தார். ஊலிப்போ நண்பர்கள் ஹாரி மேத்யூஸும் ஜாக் ரூபோவும் குறிப்புகளோடு சேர்த்து அதை 1989இல் பதிப்பித்தார்கள். விடுபட்டதைத் தாங்கள் எழுதி நிரப்பாமல், விடுபட்டபடியே கொடுத்தார்கள். இறந்த நண்பனுக்குச் செய்யத்தக்க மரியாதை அது என்று நினைக்கிறேன்.

இன்று விண்ணில் ஒரு சிறுகோளுக்கு அவர் பெயர். பாரிஸில் ஒரு சின்னத் தெருவுக்கும் அவர் பெயர். ‘காணாமற்போதல்’ ஆங்கிலத்திலும் ‘ஈ’ இல்லாமலே வந்திருக்கிறது. ஸ்பானியத்தில் நெடுங்கணக்கின் முதல் எழுத்தாகிய ‘ஏ’யை விலக்கி மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்க்கவே முடியாது என்று தோன்றும் ஒரு புத்தகத்துக்காக இத்தனை மொழிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தது வித்தை பார்க்கும் ஆசையால் அல்ல. தமிழில் பெரெக்கைத் தொடங்குகிறவர்களை நான் அந்த நாவலில் தொடங்கச் சொல்ல மாட்டேன். ‘டபிள்யூ’விலிருந்து தொடங்குங்கள். அதை முடித்தபின் மற்றவை எல்லாம் வேறாகத் தெரியும்.

அவர் பாதியில் விட்ட இன்னொரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். 1969இல் பாரிஸில் தனக்குத் தொடர்புள்ள பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்துகொண்டார். ஒவ்வோர் இடத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். இன்னொருமுறை, போகாமல் நினைவிலிருந்து எழுத வேண்டும். எழுதியதை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து மூடிவிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் 288 உறைகள் சேரும். இடங்கள் முதுமையடைவதையும், நினைவு முதுமையடைவதையும், எழுத்து முதுமையடைவதையும் பிறகு திறந்து பார்க்கலாம். 1975இல் நிறுத்திவிட்டார். அதுவரை எழுதியது 133. அவை மொத்தமாக நூலானது அவர் இறந்து நாற்பதாண்டு கழித்து, 2022இல்.

பன்னிரண்டு இடங்களில் ஒன்று விலான் தெரு. அவர் ஆண்டுதோறும் போனார். எந்தக் கடை மூடியது, எந்த வீட்டின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், எது இடிந்தது என்று வீட்டு எண்வாரியாகக் குறித்தார். 24ஆம் எண் வீட்டுக்கு வரும்போதும் மற்ற வீடுகளைக் குறித்த அதே குரலில், வெளுத்துப்போன சுவரில் ‘பெண்களுக்கு முடி திருத்தப்படும்’ என்ற பழைய எழுத்து இன்னும் தெரிவதாக எழுதினார். தாயின் பெயரை எழுதவில்லை.

அந்தத் தெருவின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1988 முதல் பெல்வில் பூங்கா இருக்கிறது.